தண்ணீரில் மிதந்த முட்டை

என்னங்க,

கோபம் தணிந்திருந்தால் படியுங்கள். தணியாவிட்டாலும் படியுங்கள், விஷயம் இருக்கிறது.

நேற்று ஒரு முட்டை பழசா என்று பார்க்கத் தண்ணீரில் போட்டேன். மிதந்தது. கூமுட்டை என்றேன். "என் கோழி ஒருநாளும் கூமுட்டை போடாது" என்று கத்தி, அதைக் கொல்லையில் வீசிவிட்டுச் சாப்பிடாமல் படுத்துவிட்டீர்கள்.

காலையில் கோழிகளைத் திறந்துவிடப் போனேன். அந்த முட்டை செடிக்கடியில் முழுசாகக் கிடக்கிறது. பெயின்ட் மட்டும் கொஞ்சம் உரிந்து, உள்ளே மரம் தெரிகிறது. கோழிகள் கண்ட இடத்தில் இடாமல் பெட்டிக்குள் இடட்டும் என்று, போன மாதம் நீங்களே பட்டறையில் கடைந்து வெள்ளையடித்து வைத்தீர்களே, அதேதான். முட்டை என்று நினைத்து எடுத்து வந்தது என் தப்பு. ஆனால் செய்த தச்சருக்கே அடையாளம் தெரியவில்லை என்றால், நானும் நம் கோழி கருப்பியும் எம்மாத்திரம்?

திரும்பப் பெட்டியில் வைத்துவிட்டேன். கருப்பி உடனே ஏறி உட்கார்ந்துகொண்டாள்.

தீனி போட்டாயிற்று. மதியம் தண்ணீரை மட்டும் மாற்றுங்கள். பட்டறைச் சாவி ஆணியில் இருக்கிறது. உங்கள் அக்கா வந்தால் இதைச் சொல்லாதீர்கள். சாயங்காலத்துக்குள் தெருவே சிரிக்கும்.

டியூட்டிக்கு நேரமாகிவிட்டது, கிளம்புகிறேன்.

இன்னொன்று: அடுப்பு மேல் ஆம்லெட் மூடி வைத்திருக்கிறேன். ராத்திரியும் சாப்பிடவில்லை, மிச்சம் வைக்காதீர்கள். முட்டையைத் தண்ணீரில் போட்டுப் பார்க்கவில்லை. உங்கள் பேச்சை நம்பித்தான் உடைத்தேன்.