டான்ஸியின் அப்பா

ஹாலம்பி, டெர்பிஷயர்
ஏப்ரல் 9

அன்பு மகள் பிரிட்ஜெட்டுக்கு,

அப்பா எழுதுவது. நலமாக இருக்கிறேன். முழங்கால் மட்டும் படியேறும்போது முனகுகிறது. அதற்காக நீ கனடாவிலிருந்து மாத்திரை அனுப்ப வேண்டாம். போன தடவை அனுப்பியதே அலமாரியில் பிரிக்காமல் கிடக்கிறது.

உன் கடிதம் வந்தது. தோட்டத்தோடு வீடு கிடைத்ததில் மிகவும் சந்தோஷம். மே மாதம் வந்து டான்ஸியை அழைத்துப்போவதாக எழுதியிருக்கிறாய். நியாயம்தான், உன் நாய். ஆறே மாதம் என்று சொல்லி விட்டுப்போனாய்; மூன்று வருஷம் ஆகிறது. வெறிநாய்த் தடுப்பூசி போட்டாயிற்று. டாக்டர் கொடுத்த சீட்டு மேஜை இழுப்பறையில் இருக்கிறது.

தினமும் காலை ஒன்பதரைக்கு இருவரும் மாளிகைத் தோட்டத்துக்குப் போகிறோம். இப்போது ஆடுகள் குட்டி போடும் சமயம், அதனால் ஏரிக்கு அந்தப் பக்கம் நாய்களைக் கயிற்றில்தான் பிடித்துப் போக வேண்டும். உன் மகாராணிக்கு அது பிடிக்கவில்லை. ரோஜாத் தோட்டத்தில் நாய்களுக்கு அனுமதியே கிடையாது; சென்ற வாரம் அதற்குள் நழுவிவிட்டாள். காவலுக்கு நின்ற அம்மாள், "உங்க பொண்ணுக்குப் போர்டு படிக்கத் தெரியாதா?" என்றாள். "கண்ணாடிய வீட்டுல மறந்துட்டா" என்றேன். சிரித்துக்கொண்டே போகச் சொல்லிவிட்டாள்.

ஒரு விஷயம் எழுத வேண்டும். மூன்று நாளாகத் தள்ளிப்போட்டேன்.

ரூஃபஸ் அப்பாவைப் பற்றி முன்பே எழுதியிருக்கிறேன், கறுப்பு லாப்ரடார் நாய் வைத்திருந்தவர். அங்கே நடக்க வருகிறவர்கள் எல்லாருமே இப்படித்தான். நாயின் பெயர் தெரியும், ஆளின் பெயர் தெரியாது. முதல் நாள் கேட்காவிட்டால் பிறகு கேட்க வெட்கம். நான் டான்ஸி அப்பா. மூன்று வருஷம் ஏரிக்கரை பெஞ்சில் உட்கார்ந்து ஒரே ஃப்ளாஸ்க் தேநீரைப் பங்கு போட்டுக் குடித்தோம். அவருடைய முதுகுவலி, என் முழங்கால், உன் விவாகரத்து (கோபிக்காதே), எல்லாம் பேசியாயிற்று.

மார்ச்சில் இரண்டு வாரம் ஆளைக் காணவில்லை. தேநீர்க் கடைப் பலகையில் ஒரு சீட்டு ஒட்டியிருந்தார்கள்: கத்பர்ட் எயின்ஸ்லி காலமானார், வியாழன் பதினொரு மணிக்கு மாளிகைத் தேவாலயத்தில் அடக்க ஆராதனை. யாரோ பாவம் என்று நினைத்துக் கேக்கைத் தின்று முடித்தேன். வியாழனன்று மணி அடித்தபோது பெஞ்சில்தான் இருந்தேன். ரூஃபஸ் அப்பா சொல்லாமல் கொள்ளாமல் மகன் வீட்டுக்குப் போய்விட்டார், மரியாதை தெரியாத மனுஷன் என்று மனதுக்குள் திட்டிக்கொண்டிருந்தேன். தேவாலயம் அங்கிருந்து கூப்பிடு தூரம்.

திங்கட்கிழமை ஒரு அம்மாள் ரூஃபஸோடு வந்து, "நீங்கதானே டான்ஸி அப்பா?" என்று கேட்டார். "ஆஸ்பத்திரியில என் வீட்டுக்காரர் உங்களையேதான் சொல்லிக்கிட்டிருந்தார். டான்ஸி அப்பாவுக்குச் சொல்லி அனுப்பு, பாவம் பெஞ்சுல காத்துக்கிட்டிருப்பார்னு. உங்க பேரு அவருக்கும் தெரியல, எனக்கும் தெரியல. யாருன்னு கேட்டு போன் பண்றது?" என்றார். சீட்டில் இருந்த கத்பர்ட் எயின்ஸ்லி நம் ரூஃபஸ் அப்பாதான். அழுதுவிட்டேன் பிரிட்ஜெட், அத்தனை பேர் நடக்கும் பாதையில். பிறகு என் பெயர் லயோனல் என்று சொன்னேன். அந்த அம்மாள் பெயர் வினிஃப்ரெட். இப்போது தினமும் வருகிறார். ரூஃபஸ் பெரிய முரடு, அவரை இழுத்துக்கொண்டு ஓடுகிறது. ஏரிவரை நான் பிடித்துக்கொள்கிறேன்.

அதனால் கேட்கிறேன், டான்ஸியை என்னிடமே விட்டுவிடு. ரூஃபஸோடு நடக்கலாமே என்பாய். காலையில் என்னை வீட்டைவிட்டுக் கிளப்புவது டான்ஸிதான். அவள் இல்லாவிட்டால் நான் வாசலைத் தாண்ட மாட்டேன், என்னை எனக்குத் தெரியும். உன்னை அவள் மறக்கவில்லை. உன் பழைய கம்பளிச் சட்டையில்தான் படுக்கிறாள். இதுவரை நான் உன்னிடம் எதுவும் கேட்டதில்லை.

புது வீட்டில் கடவுள் உன்னை நன்றாக வைத்திருக்கட்டும். முடியாது என்றாலும் கோபமில்லை. அவளைக் குளிப்பாட்டித் தயாராக வைத்திருப்பேன். ஆனால் முடிவை உடனே எழுதிவிடு. வினிஃப்ரெட்டிடம் நான் முன்கூட்டியே சொல்லியாக வேண்டும். அந்தப் பெஞ்சில் இனி யாரும் காத்திருக்கக் கூடாது.

உன் அப்பா,
லயோனல்