நனையாத சட்டை

மேல்காடு,
இறந்தோர் திருநாள் கழிந்த வாரம், நவம்பர்.

ஹசிந்தாவின் அப்பாவுக்கு எதெல்வினா எழுதுவது.

நானும் பிள்ளையும் சுகம். உங்கள் சுகத்தைப் பற்றி நீங்கள் சொல்வதை நான் நம்பப் போவதில்லை, அதனால் கேட்கவும் இல்லை. இந்தக் கடிதத்தை வடக்கே உங்களிடம் வேலைக்குத் திரும்பும் மகாரியோவின் கையில் கொடுத்தனுப்புகிறேன். போனில் பேசலாம் என்றால் கடைக்காரி ஃபெர்மினா காதைத் தீட்டிக்கொண்டு பக்கத்திலேயே நிற்கிறாள். நீங்களோ "ம்", "சரி" என்பதற்கு மேல் வாயைத் திறப்பதில்லை. என் எழுத்து கோழி கிளறியது போலத்தான் இருக்கும். ஆனாலும் ஒரு வரி விடாமல் வாசியுங்கள்.

மேகம் இன்னும் மலையை விட்டு இறங்கவில்லை. காலையில் கதவைத் திறந்தால் நேராக அடுப்படிக்குள் வந்து உட்கார்ந்துகொள்கிறது. எதிரே யார் வருகிறார்கள் என்று தெரியாமல் ஒருவருக்கொருவர் குரல் கொடுத்துக்கொண்டுதான் நடக்கிறோம். காப்பிப் பழம் பாதி சிவந்திருக்கிறது. கோவேறு கழுதைக்கு நீங்கள் போனதிலிருந்து திமிர் ஏறிவிட்டது, என்னை மதிப்பதே இல்லை. வடக்கே ஊரார் வீட்டுக்கெல்லாம் கூரை போடுகிறீர்களாம். இங்கே அடுப்புக்கு நேர் மேலே ஒழுகுகிறது, சட்டி வைத்துப் பிடிக்கிறேன்.

திருவிழாவுக்கு வந்த அன்றே மகாரியோ உங்களைப் பற்றி எல்லாவற்றையும் கொட்டிவிட்டான். அவனைத் திட்டாதீர்கள். சோளக்கஞ்சி ஊற்றி ஊற்றி நான்தான் பிடுங்கினேன். "சாப்பாட்டை முன்னால வச்சுக்கிட்டு அது ஆறுற வரைக்கும் பாத்துக்கிட்டே இருக்காரு அண்ணி. பின்னாலேருந்து யாராவது கூப்பிட்டா தூக்கிவாரிப் போடுது. தூங்கும்போதும் கண்ணு பாதி தெறந்துதான் இருக்கு. பேன்ட் இடுப்புல நிக்காம கயிறு போட்டுக் கட்டியிருக்காரு" என்றான். அங்கே டாக்டர் ரத்தம் எடுத்துப் பார்த்தாராம், நெஞ்சைப் படம் பிடித்துப் பார்த்தாராம், ஒன்றும் இல்லை என்றாராம். கூரையிலிருந்து விழுந்த பிறகுதான் இப்படியா என்று கேட்டேன். விழுவதற்கு முன்பே இப்படித்தான், அதனால்தான் விழுந்தார் என்று கூட வேலை செய்பவர்கள் சொல்கிறார்கள் என்றான். அந்தப் பேச்சை அப்போது நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

எனக்குப் புரிந்துவிட்டது. பயத்தில் உங்கள் உயிர் உடம்பை விட்டு இறங்கிப் பயந்த இடத்திலேயே நின்றுவிட்டது. மறுநாள் காலையிலேயே தோன்யா சொய்லாவிடம் போனேன்.

ஹசிந்தாவின் ஞானத்தாயான அவள் எப்படிப்பட்டவள் என்று உங்களுக்குத் தெரியும். இந்த மலையில் தூங்கியே பேர் வாங்கிய ஒரே மனுஷி. வான்கோழிகளை விரட்டிக்கொண்டே நான் சொன்னதைக் கேட்டாள். "அவன் போட்ட துணி ஒண்ணு குடு. எங்க பயந்தான்னு சொல்லு. மிச்சத்தை நான் தூங்கிக் கனவுல பாத்துக்கிறேன்" என்றாள். ஆணியில் தொங்கிய உங்கள் நீலக்கட்டச் சட்டையைக் கொடுத்தேன். வடக்கே கூரையிலிருந்து விழுந்த இடத்தில்தான் பயந்தார் என்றேன்.

அவள் சட்டையைப் பாயில் ஆள் மாதிரி விரித்துப் படுக்க வைத்தாள். கழுத்திலிருந்து கை வரைக்கும் முட்டையால் தடவினாள். அருவதாவும் திருநீற்றுப் பச்சிலையும் சேர்த்துக் கட்டிய கொத்தால் நெஞ்சுப் பக்கத்தைத் தட்டித் தட்டிப் பெருக்கினாள். கரும்புச் சாராயத்தை வாயில் வைத்துச் சட்டை மேல் ஊதித் தெளித்தாள். பாயில் கிடந்ததைப் பார்க்கப் பார்க்க நீங்கள் அங்கே படுத்திருப்பது போலவே எனக்கு இருந்தது, சட்டையின் கையைப் பிடித்துக்கொண்டேன். "விடுடி, அவனுக்குக் கூசும்" என்றாள். பிறகு வடக்குப் பார்த்து உங்கள் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாள். சட்டையை மடித்துத் தன் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டு தூங்கப் போனாள்.

காலையில் எழுந்தவள் முகத்தைச் சுளித்தாள். "என்னடி இது, நான் கூப்பிடுறதுக்கு முன்னாடியே ஓடி வந்துட்டான். சிரிச்சுக்கிட்டு வர்றான். சாராய நெடி வேற. உன் புருசன் எப்ப இருந்து குடிக்கிறான்?" என்றாள். எனக்கு ஒன்றும் புரியவில்லை. எப்படியோ வந்தால் சரி என்று சட்டையை வீட்டுக்குக் கொண்டுவந்து, சாமி மாடத்தில் குங்கிலியப் புகை படும்படி தொங்கவிட்டேன். இறந்தோர் திருநாள் நேரம் வேறு, மாடத்தைச் சுற்றிச் செண்டுப்பூ. எட்டிப் பார்த்த ஃபெர்மினா நீங்கள் போய்ச் சேர்ந்துவிட்டதாக ஊரெல்லாம் சொல்லிவிட்டாள். துக்கம் கேட்க வந்தவர்களுக்கெல்லாம் காப்பி போட்டே என் சர்க்கரை தீர்ந்தது.

நீங்கள் போனில் அதே "ம்"தான். ஆனால் உங்கள் தம்பி பொன்சியானோ மாறிப்போனான். ஒரு பகலும் இரவும் அடித்துப் போட்டாற்போல் தூங்கினானாம். எழுந்து வந்து ரொட்டிக் கூடையைக் காலி செய்தான். யாரும் சொல்லாமலே காப்பித் தோட்டத்துக் களையை வெட்டினான். சாராயக் கடைப் பக்கம் போகவே இல்லை. கடைக்காரர் கவலைப்பட்டு ஆள் அனுப்பி விசாரித்தார்.

அப்புறம் ஒரு மத்தியானம் தோன்யா சொய்லா வந்திருந்தபோது அவனும் சாப்பிட வந்தான். மாடத்தைப் பார்த்துவிட்டு, "என் சட்டைக்கு எதுக்கு அண்ணி பொகை போடுறீங்க? அது எப்ப சாமியாச்சு?" என்றான். உன் அண்ணன் சட்டையப்பா என்றேன். அவன் அடிப்பக்கத்தைத் தூக்கி, சுருட்டு பட்டு ஓட்டையான இடத்தைக் காட்டினான். "நான் சுட்டதுதான் இது. அன்னிக்கு ஆத்துலேருந்து ஏறினதும் ஈரத்தோட கழட்டிப் போட்டேன்ல. அண்ணன் தன் சட்டையைக் கழட்டி எனக்குப் போட்டு விட்டாரு. அவரோடது காஞ்சு..." என்றான். அதோடு நாக்கைக் கடித்துக்கொண்டான்.

தோன்யா சொய்லா கையிலிருந்த ரொட்டியைக் கீழே வைத்தாள். "அவன் சட்டை நனையவே இல்லையா?" என்று கேட்டாள். 

ஹசிந்தாவின் அப்பா, அந்த நாளைப் பற்றி இந்த வீட்டில் யாரும் ஒரு வார்த்தை பேசியதில்லை. உங்களுக்கு வலிக்கும் என்று நாங்கள் பேசவில்லை. நாங்கள் பேசாததே உங்களுக்கு வலித்திருக்கும் என்று இப்போது தோன்றுகிறது. பேசாத விஷயம் தண்ணீருக்கடியிலேயே கிடக்கும் என்கிறாள் சொய்லா. அதனால் எழுதிவிடுகிறேன். சந்தையிலிருந்து திரும்பி வந்தோம். மேலே எங்கேயோ மழை பெய்து ஆறு செம்மண் நிறத்தில் வந்தது. பிள்ளை பலகைப் பாலத்திலிருந்து வழுக்கி விழுந்தாள். நீங்கள் கழுதையின் கயிற்றைக் கையில் பிடித்தபடி கரையில் நின்றீர்கள். அசையவே இல்லை. பின்னால் வந்த பொன்சியானோ குதித்து, வளைவில் அவளைப் பிடித்து மேலே கொண்டுவந்தான். அவ்வளவுதான் நடந்தது. பிள்ளை இரண்டு தும்மல் போட்டுவிட்டுப் பசிக்கிறது என்றாள். அந்த மாதமே நீங்கள் வடக்கே கிளம்பினீர்கள். கூரை மாற்றப் பணம் வேண்டும் என்றீர்கள், நானும் நம்பினேன்.

நான் இதை எல்லாம் சொய்லாவிடம் சொல்லிக்கொண்டிருந்தபோது பொன்சியானோ தலையைக் குனிந்தபடி கேட்டுக்கொண்டிருந்தான். கடைசியில், "நான் ஒண்ணும் தைரியசாலி இல்ல அண்ணி. அன்னிக்கு நல்லாக் குடிச்சிருந்தேன், ஆறு எனக்கு வாய்க்கால் மாதிரித் தெரிஞ்சுது. குடிக்காதவன் எவனும் அந்தத் தண்ணியில எறங்க மாட்டான். அண்ணனுக்கு ஆத்தைத் தெரியும், அதான் நின்னாரு. உள்ள போனப்புறம்தான் எனக்குப் புரிஞ்சுது. அதுலேருந்து கண்ணை மூடினா தண்ணிதான். குடிச்சாத்தான் தூக்கமே வந்துச்சு" என்றான். ஊரே அவனைத் தோளில் தூக்கிக் கொண்டாடியது, அவனும் பயந்திருப்பான் என்று நம்மில் ஒருவருக்கும் தோன்றவில்லை. சட்டை மாறியதால் அவன் பிழைத்தான். சொய்லாவுக்கு மட்டும் ரோஷம். "கேக்காதவனுக்கு வைத்தியம் பாத்திருக்கேன், அதுவும் பலிச்சுப் போச்சு" என்று முனகினாள்.

அதே நீலக்கட்டத்தில் உங்கள் உண்மையான சட்டை அவன் வீட்டில்தான் இருந்தது. அவன் அதை ஒரு நாளும் போடவில்லை. வயலினைச் சுற்றி வைத்திருந்தான். அவன் ஒழுங்காகப் பார்த்துக்கொள்கிற ஒரே பொருள் அந்த வயலின்தான். எடுத்து முகர்ந்தேன். உங்கள் வாசனை அதிலேயே இருந்தது.

சொய்லா மறுபடி முட்டை, இலைக்கொத்து, சாராயம் எல்லாம் செய்து, அந்தச் சட்டையைத் தலைக்கடியில் வைத்துத் தூங்கினாள். இந்த முறை மறுநாள் உச்சி வரை எழுந்திருக்கவில்லை. நான் பக்கத்தில் உட்கார்ந்து காப்பிப் பழம் ஆய்ந்துகொண்டிருந்தேன். அவள் கூந்தல் நுனியில் ஈரம் இருந்தது. மேகம் உள்ளே வந்திருந்ததால் இருக்கலாம். எழுந்ததும் தண்ணீர் கேட்கவில்லை, சூடாக ஏதாவது கொடு என்றாள். கஞ்சியைக் குடித்து முடித்துவிட்டுச் சொன்னாள்.

"அவன் அங்கதான் இருக்கான். ஆத்து வளைவுல, தண்ணிக்கு அடியில. கயித்தைப் பிடிச்சுக்கிட்டு நிக்கிறான். மீனெல்லாம் அவன் காலைச் சுத்திப் போகுது, சட்டை மட்டும் நனையல. ஆத்தை ஆளுற தண்ணிக்காரி அவனைப் பிடிச்சு வைக்கல. அவளே அலுத்துப் போயிட்டா, கூட்டிட்டுப் போங்கிறா. நான் பேர் சொல்லிக் கூப்பிட்டேன், திரும்பிப் பாக்கல. தோளைத் தொட்டு, வாடா வீட்டுக்குன்னேன். புள்ள இன்னும் வெளிய வரலையே, அவ வரட்டும்ங்கிறான்."

இதைக் கேட்டு நான் அழுதேன். மறைக்க என்ன இருக்கிறது. இத்தனை நாளாக உங்களுக்கு ஆறு ஓய்ந்தபாடில்லை, பிள்ளை இன்னும் தண்ணீரில்தான் இருக்கிறாள்.

எனவே நான் கூப்பிட்டோ சொய்லா கூப்பிட்டோ பயனில்லை, பிள்ளைதான் கூப்பிட வேண்டும். இந்த மாதக் கடைசியில் வரும் புனித அந்திரேஸ் திருநாளன்று காலையில், பூசைக்கு மணி அடிக்கும்போது, நாங்கள் எல்லோரும் அந்த வளைவுக்குப் போகிறோம். பூவும் சாராயமும் தண்ணீருக்குக் கொடுப்போம். ஹசிந்தா இலைக்கொத்தால் தண்ணீரை அடித்து, மண்குடத்தின் வாயில் உங்கள் பெயரைச் சொல்லிக் கூப்பிடுவாள். கூப்பிட்டால் யாராவது "இதோ வர்றேன்" என்று சொல்ல வேண்டும், உங்களுக்கே தெரியும். ஆள் தூரத்தில் இருந்தால் இரத்த உறவு யாராவது பதிலுக்குச் சொல்லலாம். பொன்சியானோ தயாராக இருக்கிறான். ஆனால் ஹசிந்தா ஒத்துக்கொள்ளவில்லை. "சித்தப்பா சொல்ல வேணாம். அப்பாவைத்தானே கூப்பிடுறேன், அப்பாவே சொல்லட்டும்" என்கிறாள். பிடிவாதம் யாருடையது என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

உங்கள் மகள் சொன்ன இன்னொன்றையும் எழுதுகிறேன். இதற்காகத்தான் இவ்வளவு தாளையும் நிரப்பினேன். ரொட்டி தட்டும்போது அவளிடம் மெதுவாகக் கேட்டேன், அன்று தண்ணீருக்குள் என்ன தெரிந்தது என்று. அவள் யோசிக்கக்கூட இல்லை. "எல்லாப் பக்கமும் ஒரே மண்ணா இருந்துச்சு. கரை எந்தப் பக்கம்னு தெரியல. அப்பா மட்டும் தெரிஞ்சாரு. அசையாம நின்னாரு. அதனால அதான் கரைன்னு அவரைப் பாத்தே கை காலை உதைச்சேன். அப்புறம் சித்தப்பா பிடிச்சுட்டாரு" என்றாள். சொல்லிவிட்டு மாவை உருட்டப் போய்விட்டாள்.

இந்த வரியை இரண்டு முறை வாசியுங்கள்.

மகாரியோவிடம் ஒரு இலைக்கட்டு கொடுத்திருக்கிறேன். பிரித்துப் பார்த்துச் சிரிக்க வேண்டாம். கொதிக்க வைத்து, அந்திரேஸ் திருநாளுக்கு முந்தின சாயங்காலம் தலையோடு ஊற்றிக் குளியுங்கள். குளித்துவிட்டுக் காற்றில் போகாதீர்கள். வாசனையைப் பார்த்து உங்கள் கூட்டாளிகள் கேலி செய்தால் மகாரியோ மீது பழியைப் போடுங்கள், அவன் தாங்குவான்.

ஊருக்கு வாருங்கள் என்று நான் எழுதவில்லை. அது உங்கள் உடம்பின் விஷயம், பிறகு பேசிக்கொள்ளலாம். கூரைச் சட்டியும் அதுவரை தாங்கும். அன்று காலை நீங்கள் எவன் வீட்டு ஓட்டின் மேல் நின்றாலும் சரி, சுத்தியலைக் கீழே வைத்துவிட்டு, "இதோ வர்றேன்" என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். பைத்தியம் என்று நினைத்தால் நினைக்கட்டும். மனதுக்குள் சொல்லிக்கொண்டால் குடத்தில் விழாது.

மலை மாதாவும் தண்ணீர்க்காரியும் உங்களைக் கண்ணில் வைத்துக் காக்கட்டும்.

பிள்ளை கரையில் நின்றுதான் கூப்பிடுவாள். அவள் எப்போதோ வெளியே வந்துவிட்டாள். நீங்களும் வந்துவிடுங்கள்.

உங்கள்
எதெல்வினா