டேங்க் பக்கம், எஞ்சின் பக்கம்

அப்பா,

உலகில் இரண்டே வகை மனிதர்கள்: காரின் ஃபியூயல் ஃபில்டரைத் தானே மாற்றத் தெரிந்தவர்கள், மெக்கானிக்கின் வாயைப் பார்த்து நிற்பவர்கள். இன்று காலை பத்து மணி முதல் நான் முதல் வகை.

பத்தே முக்கால் வரைக்கும்.

பழைய ஃபில்டரைக் கழற்றிவிட்டேன். புதியதில் உள்ள அம்புக்குறி எஞ்சின் பக்கம் பார்க்க வேண்டுமாம். ஆனால் இரண்டு குழாயும் இரட்டைப் பிள்ளைகள் மாதிரி இருக்கின்றன. எது டேங்கிலிருந்து வருகிறது என்று நீங்கள் எழுதி ஒட்டியிருந்த சீட்டுகளை நேற்று கிழித்துப் போட்டது நான்தான். "ஸ்விட்ச், டப்பா, குழாய்னு எல்லாத்துக்கும் பேர் ஒட்டுறீங்களே, எனக்கும் ஒண்ணு ஒட்டிடுங்க, மறந்துடப் போறீங்க" என்று ராத்திரி நான் சொன்னதும், நீங்கள் பாதிச் சாப்பாட்டில் எழுந்து போனீர்கள்.

ஐந்து மணிக்கு அம்மா ஸ்டேஷனில் இறங்குவாள். அந்த முழங்காலோடு பஸ் ஏற மாட்டாள். எனக்குப் பரீட்சை, வீடு திரும்ப ஆறாகிவிடும். நீங்கள்தான் குழாயை அடையாளம் பார்த்து மாட்டி, காரில் போய் அவளை அழைத்து வர வேண்டும். முதலில் சாப்பிடுங்கள், மேசையில் மூடி வைத்திருக்கிறேன்.

பி.கு: குழாயிலிருந்து வடிந்த பெட்ரோலைப் பிடித்தது அம்மாவின் மாவுக் கிண்ணத்தில். அதை மூடி, வெளியே நிழலில் வைத்து, 'சமையலுக்கு அல்ல' என்று ஒட்டியிருக்கிறேன். பேட்டரியில் 'வயர் கழற்றியது'. குழாயை இறுக்கும் கிளாம்ப்களைப் போட்ட டப்பாவில் 'கிளாம்ப்'. உங்கள் தட்டில் 'அப்பா'.

இன்னொன்று: உங்கள் கோந்து தீர்ந்துவிட்டது. வரும்போது வாங்கி வருகிறேன்.