மூன்றாம் பாகம் நல்லது என்று சொன்னவனுக்கு

இன்று காலை ஹேடோவில், துறைமுக வாசலுக்கு எதிரே டீ குடித்துக்கொண்டிருந்தேன். பக்கத்துப் பெஞ்சில் ஒரு லாரி டிரைவர் மொபைலில் ஏதோ வீடியோவைத் திறந்தார். உன் குரல். "மூணு பாகத்துல காசுக்கு நியாயம் செய்யறது இதுதான் மக்களே." டீயைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து வந்துவிட்டேன். நீ போய் ஒரு வருடத்துக்கு மேல் ஆகிறது. இன்னும் விற்றுக்கொண்டிருக்கிறாய்.

போனவர்களுக்கு எழுதும்போது மற்றவர்களுக்குக் கண் கலங்கும். எனக்குப் பல்லைக் கடிக்கத்தான் வருகிறது.

அந்தத் துப்பாக்கிச் சண்டை கேமின் முதல் பாகம் நம் தீவுக்குக் கப்பலில் வந்தது ஞாபகம் இருக்கிறதா? மெயின்லேண்டிலிருந்து திரும்பிய உன் மாமாவின் பையில், சட்டைகளுக்கு நடுவே ஒரு டிஸ்க். குட்வில் எஸ்டேட்டில் உன் வீட்டுப் பின்னறையில் இரண்டு கம்ப்யூட்டரை வயரால் இணைத்து, நீ, நான், தபன் மூன்று பேரும் மாறி மாறிச் சுட்டுக்கொண்டோம். தபன் அப்போது ஊருக்குள் ஒரு எலக்ட்ரிகல் கடையில் வேலை பார்த்தான். தோற்றவன் எழுந்து இடம் கொடுக்க வேண்டும். பெரும்பாலும் எழுந்தது அவன்தான். அந்த ஆட்டத்தில் நல்ல துப்பாக்கி வேண்டுமென்றால் ஒரே வழி, நன்றாக விளையாட வேண்டும். "ஒரு தடவ காசு குடுத்தோம், மொத்தமும் நம்மளோடது. கரண்ட் இருந்தா போதும், எவனையும் கேக்க வேணாம்" என்பாய்.

இரண்டாம் பாகத்தில் டிஸ்க்கில் பாதிதான் இருந்தது. சண்டை போட நல்ல இடங்களையெல்லாம் தனியாகப் பிரித்து விற்றார்கள். இன்டர்நெட்டுக்குக் கடலடி கேபிள் வராத காலம். காசு கட்டியும் இங்கே எதுவும் முழுதாக இறங்கவில்லை. அந்த ஆத்திரத்தில்தான் நீ முதல் வீடியோ போட்டாய். பின்னால் ஃபேன் கடகடக்க, "பிரியாணிக்குக் காசு வாங்கிட்டு, கறிக்குத் தனி பில் போடறான் பாய்!" என்று கத்தினாய். மெயின்லேண்டில்கூடப் பார்த்தார்கள். அதற்கப்புறம் எந்த ஆட்டம் வந்தாலும் பழையதோடு பக்கத்தில் வைத்துப் பார்ப்பாய். சும்மா என்ன கிடைக்கிறது, எதைப் பூட்டி வைத்திருக்கிறான், அவன் சர்வரை மூடினால் நம் கையில் என்ன மிஞ்சும். நீ சொல்லாமல் வாங்காதவர்கள் இருந்தார்கள். நானும் அவர்களில் ஒருவன்.

பிறகு கேபிள் வந்தது, மூன்றாம் பாகமும் வந்தது. விலையே இல்லை. துப்பாக்கிகள் மட்டும் மூடிய பெட்டிகளில். காசு கட்டித் திறந்தால்தான் உள்ளே என்ன என்று தெரியும். வேண்டியது கிடைக்கும்வரை திறக்க வேண்டும். கிடைத்தாலும், அடுத்த சீசனில் அதன் பலத்தைக் குறைத்துவிட்டுப் புதிதாக ஒன்றைப் பெட்டியில் வைப்பான். முதல் நாளே நீ என்னிடம் போனைக் காட்டினாய். "தேக், இங்க பாரு, இது கேம் இல்ல, கடை. சுடறது சும்மா ஒரு சாக்கு."

அடுத்த மாதம் அந்த கேம் கம்பெனியின் ஏஜென்ட் ஒருவன் உனக்குப் போன் செய்தான். சென்னை போய் வந்தாய். வந்ததும், இன்று டீக்கடையில் கேட்டேனே, அந்த வீடியோவைப் போட்டாய்.

உன் வீட்டு கேட்டிலேயே நின்று கேட்டேன். "என்னடா இது?"

"அரே, ஃப்ரீ கேம்டா. வாங்குன்னு எவன் கழுத்தப் புடிச்சான்?"

"போன மாசம் கடைன்னு சொன்னது யாரு?"

"நான் சொல்லலைன்னா வாங்க மாட்டானா? எனக்கும் குடும்பம் இருக்குடா."

"சரி, காசு வாங்கிட்டுத்தான் சொல்றேன்னு வீடியோலயே சொல்லு."

நீ சிரித்தாய். "அதச் சொன்னா அவன் எதுக்கு எனக்குக் காசு குடுக்கறான்?"

அந்தச் சிரிப்பை நான் மறக்கப்போவதில்லை.

தபன் அப்போது தன் ஊரான திக்லிபூருக்கே திரும்பி, அப்பாவின் பாக்குத் தோப்பைப் பார்த்துக்கொண்டிருந்தான். நீ சொன்னதை நம்பினான். ஒரு துப்பாக்கிக்காகப் பாக்கு விற்ற காசு தீரும்வரை பெட்டிகளைத் திறந்தான். கிடைத்தது. சீசன் மாறியதும் அது பொம்மையாகிவிட்டது. உனக்குப் போன் செய்யக் கூசி எனக்குச் செய்தான். "பாய், உஸ்னே போலா தா அச்சா ஹை. அப்னா ஆத்மி ஜூட் கியோன் போலேகா?" நல்லதென்று அவன்தானே சொன்னான், நம்ம ஆள் எதற்குப் பொய் சொல்வான் என்று. அவன் கோபப்படவில்லை. உண்மையிலேயே புரியாமல் கேட்டான்.

உன்னிடம் சொன்னேன். நீ என்ன செய்தாய்? இன்னொரு பெட்டி திறக்க அவனுக்கு ஒரு கூப்பன் அனுப்பினாய். அன்றோடு உன்னிடம் பேசுவதை விட்டேன்.

கொஞ்ச நாளில் உனக்கு மூளையில் ரத்தம் கசிந்தது. மெயின்லேண்டுக்குக் கொண்டுபோக ஏற்பாடு ஆவதற்குள் முடிந்துவிட்டது. திக்லிபூரிலிருந்து பஸ் பிடித்து வந்து, எங்கள் எல்லோரையும்விட அதிகமாக அழுதவன் தபன். எனக்கு அதுவும் ஆத்திரமாக இருந்தது.

போன மாதம் உன் மனைவி வரச் சொன்னாள். சேனலை வைத்திருப்பதா, மூடுவதா என்று கேட்டாள். முதலில் அந்த வீடியோவை எடுத்துவிடம்மா என்றேன்.

"மத்ததெல்லாம் இப்ப யாரும் பாக்கறதில்லண்ணா. இது ஒண்ணுலதான் அவர் குரல் வெளிய கேக்குது. எடுத்துட்டா அதுவும் போயிடும்."

என்னைச் சமாதானப்படுத்துவதாக நினைத்து மேலும் சொன்னாள்.

"அவருக்கே அந்த கேம் புடிக்கலண்ணா. வீடியோ போட்ட அன்னைக்கே போன்லேருந்து அழிச்சிட்டாரு. என் தம்பி கேட்டப்பகூட, இதுல கைய வெக்காதடான்னு திட்டினாரு."

ஏமாந்துபோய்ச் சொன்னாய் என்றால் விட்டிருப்பேன். தெரிந்தே சொல்லியிருக்கிறாய். உன் மச்சினனுக்குச் சொன்னதை தபனுக்குச் சொல்ல உனக்கு வாய் வரவில்லை.

இப்போது நான்காம் பாகம் வந்திருக்கிறது. நேற்று தபன் போன் செய்தான். "தூ போல், நீ சொல்லு, வாங்கலாமா?" இப்போதெல்லாம் என்னிடம் கேட்கிறான். நான் ஏற்கெனவே இறக்கி, விளையாடி, பழையவற்றோடு வைத்துப் பார்த்திருந்தேன். பூட்டியிருப்பவற்றை எண்ணும்போதே தெரிந்தது, இப்படிப் பார்க்க எனக்கு வேறு யாரும் சொல்லித்தரவில்லை. அதற்கு உனக்கு நன்றி சொல்வதாக இல்லை. "மத் லே தபன், வாங்காத" என்றேன். சரி என்று வைத்துவிட்டான். ஏன் என்றுகூடக் கேட்கவில்லை. அந்த நம்பிக்கை எவ்வளவு பயமாக இருக்கிறது தெரியுமா? அதை வாங்கிக்கொண்டுதான் நீ பதிலுக்குக் கூப்பன் அனுப்பினாய்.

போனவனிடம் என்ன கோபம், விட்டுவிடு என்கிறார்கள். ஒரு காலத்தில் நீ யாருக்கும் பயப்படாமல் உள்ளதைச் சொன்னாய். அதனால்தான் இந்தக் கோபமே. இதையும் விட்டுவிட்டால் எனக்கு மிஞ்சுவது ஏஜென்டுக்காகப் பேசியவன் மட்டும்தான்.

அவனோடு எனக்குப் பழக்கமில்லை.