ஒன்பதாம் தேதி எடுத்த படம்

மார்ச் 12

அன்புத் தம்பிக்கு,

நாங்கள் நலம். ஒரு வரி எழுத உனக்குக் கை வலிக்கிறதா? அம்மா தினமும் கேட்கிறாள்.

ஒரு செய்தி. ஒன்பதாம் தேதி உங்கள் தளபதியைப் படமெடுக்கப் பத்திரிகையிலிருந்து என்னைத்தான் அனுப்பினார்கள். ஐந்தே நிமிடம். விறைப்பாக உட்கார்ந்திருந்தார், எடுத்ததெல்லாம் வீண் என்றே நினைத்தேன். கிளம்பும்போது பேச்சுக்காக, "உங்க வீட்டுல யாராவது படையில இருக்காங்களா?" என்று கேட்டார். தம்பி பாலம் போடும் பிரிவில் இருக்கிறான் என்றேன். ஜன்னல் பக்கம் திரும்பி நின்றுவிட்டார். அந்த முகத்தை எடுத்தேன். முதல் பக்கத்தில் வந்தது, கீழே "வெற்றியைத் தவிர வேறெதையும் பாராத கண்கள்" என்று போட்டு. கடைத்தெரு முழுக்க அதுதான். அம்மாவுக்குப் பெருமை தாங்கவில்லை.

உன் அக்கா

ஏப்ரல் 20

அன்பு அக்காவுக்கு,

திட்டாதே. ஆஸ்பத்திரியிலிருந்து எழுதுகிறேன். உன் படம் இங்கே மருந்து அலமாரிக் கதவில் இருக்கிறது. எடுத்தது என் அக்கா என்றால் ஒருத்தரும் நம்பவில்லை.

மார்ச் எட்டாம் தேதி, ஆற்றில் பாலம் போட்டுக்கொண்டிருந்தபோது குண்டு விழுந்தது. நாற்பது பேரில் மிஞ்சியது ஆறு பேர். எனக்கு ஒரு கால் போயிற்று. மிஞ்சியது யார் யார் என்று மேலிடத்துக்குத் தெரியவே ஒரு வாரம் ஆனது.

பட்டப்பகலில் பாலம் போடச் சொன்னது தளபதிதான். மறுநாள் நீ அவர் எதிரே நின்றிருக்கிறாய். அவர் எதைப் பார்த்தார் என்று இப்போது புரிகிறதா?

அவர்மேல் எனக்குக் கோபம்தான். ஆனால் சொல்ல வாய் வராமல் திரும்பிக்கொண்டார் பார், ஆறு வாரமாக நானும் அதையேதான் செய்துகொண்டிருக்கிறேன். அம்மாவிடம் சொல்லாதே. நடக்கப் பழகியதும் நானே வந்து சொல்கிறேன்.

உன் தம்பி

ஏப்ரல் 29

தம்பிக்கு,

படத்தைச் சுவரொட்டியாக அடிக்கப் போவதாகப் பத்திரிகை ஆசிரியர் சொன்னார். கீழே இருக்கும் அந்த வரியை எடுத்துவிட்டுத் தேதியை மட்டும் போடுங்கள் என்றேன். வெறும் தேதி யாருக்குப் புரியும் என்றார்.

"முப்பத்துநாலு வீட்டுக்குப் புரியும் சார்."

படச்சுருளை நான் தரவில்லை. வேலை இருக்குமா, தெரியவில்லை.

உன் கடிதத்தை வாங்கியது அம்மா. நான் வீடு திரும்புவதற்குள் படித்துவிட்டாள். அழவில்லை. பெட்டியில் உன் துணிகளை அடுக்கிக்கொண்டிருந்தாள். உன் செருப்பைக் கையில் வைத்துக்கொண்டு, "எந்தக் காலுடி?" என்று மட்டும் கேட்டாள். நீதான் எழுதவில்லையே.

செருப்பு இரண்டையும் எடுத்து வைத்திருக்கிறோம். வெள்ளிக்கிழமை காலை ரயிலில் வருகிறோம்.

அக்கா