நாலு டிஸ்க்கும் ஒரு பொய்யும்

இன்று காலை சர்வர் கீ… கீ… என்று கத்த ஆரம்பித்ததும் டீ டம்ளரை அப்படியே வைத்துவிட்டு ஓடினேன். நாலு டிஸ்க்கில் ஒன்றில் சிவப்பு விளக்கு. அந்தச் சத்தத்துக்கு இன்னும் இப்படித்தான் ஓடுகிறேன். ஏனென்று உனக்குத் தெரியும். ஆனால் வெளியே யாருக்கும் ஒன்றும் தெரியவில்லை. பார்டர், முந்தானை, புட்டா என்று தறிக்காரர்கள் கேட்ட டிசைனெல்லாம் போய்க்கொண்டே இருந்தது. செத்த டிஸ்க்கின் ஜோடி அந்த வேலையையும் பார்த்துக்கொண்டிருந்தது.

ஜோடி உன் யோசனை.

நம் டிசைன் கடைக்கு முதல் சர்வர் வந்த அன்று சொன்னாய்: "நான் வரையறது ஒரு தபா. தறிக்காரங்க நாள் பூரா எடுத்துகினே இருப்பாங்க. ரெண்டு ரெண்டா ஜோடி போடுடா. ஒரே டிசைன் ரெண்டுலயும் இருக்கும், எது சும்மா இருக்கோ அது குடுக்கும். ஒண்ணு பூட்டாலும் பேஜார் இல்ல."

வரைகிறவன் நீ, கம்ப்யூட்டர் படித்தவன் நான். அதுதான் குத்தியது. "பாதி இடம் வீணாப் பூடும். நீ புட்டாவைப் பாரு" என்று எல்லோர் முன்னாலும் சிரித்தேன். ஒவ்வொரு டிசைனையும் துண்டு துண்டாக்கி நாலு டிஸ்க்கிலும் பரப்பும் ரெய்டு ஜீரோ என்ற முறையைப் போட்டேன். வேகம் பறந்தது. நீ பென் டிரைவில் தனியாக வைத்திருந்ததையும் கேலி செய்தே அழிக்க வைத்தேன்.

ஒரு நாள் ஒரே ஒரு டிஸ்க் போனது. எந்த டிசைனும் முழுதாக மிஞ்சவில்லை. அதுவரை நீ வரைந்த அத்தனையும்.

"யாருடா, இன்னாடா பண்ணீங்க?" என்று கடை முதலாளி கத்தினார்.

"இவன்தாங்க அவசரத்துல சுவிட்ச ஆஃப் பண்ணிட்டான்" என்றேன்.

நீ என்னை ஒரு தடவை பார்த்தாய். அவர் தறிக்காரர்கள் முன்னால் உன்னைத் திட்டித் தீர்த்தார். நீ என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. என் மகன் பிறந்து அப்போது ஒரு மாசம். எனக்கு வேறு வேலை கிடைக்காது என்று உனக்குத் தெரியும். சீ, அதையும் ஒரு காரணமாக எழுதுகிறேன் பார்.

அப்புறம் ஞாயிறு தவறாமல், தறிக்காரர்கள் இருக்கும் முள்ளிப்பட்டுக்குப் போனாய். "கல்யாணப் பொடவைய கொஞ்சம் காட்றீங்களாக்கா?" என்று வீடு வீடாகக் கேட்டு, உன் டிசைனில் நெய்து பீரோவிலிருந்த சேலைகளைப் போட்டோ எடுத்து, இழை எண்ணித் திரும்ப வரைந்தாய். நான் ஒரு நாள்கூட உடன் வரவில்லை. அடுத்த சர்வருக்கு ஜோடி போட்டேன், உன் பெயரைச் சொல்லாமல். ஒருமுறை அந்தப் பொய்யைப் பற்றிப் பேச்செடுத்தேன். "உட்றா, டீ சொல்லு" என்றாய். போன ஐப்பசியில் நெஞ்சுவலி என்று படுத்தவன் எழுந்திருக்கவே இல்லை.

இன்று நான் புது டிஸ்க் மாட்டும்போது முதலாளி வந்து பார்த்தார். "நல்லா யோசிச்சு வெச்சிருக்கடா" என்றார். தலையாட்டினேன். ஆமாம், அதற்கும் ஆட்டினேன். அவர் படியிறங்கும்போது தாங்கவில்லை. பின்னாலேயே ஓடி எல்லாவற்றையும் சொன்னேன்.

திட்டுவார் என்று நினைத்தேன். அவர் படியிலேயே உட்கார்ந்துவிட்டார்.

"அத்தினி பேர் எதிர்ல அவன திட்டினேனேடா. இப்ப நான் யார்கிட்ட போய் மன்னிப்பு கேக்கறது?"

மேலே வந்தேன். உன் டிசைன்கள் ஒவ்வொன்றாகப் புது டிஸ்க்கில் ஏறிக்கொண்டிருந்தன.

நாளைக் காலை தறிக்காரர்கள் வருவார்கள். அன்று நீ நின்ற இடத்தில் நின்று சொல்லப்போகிறேன்: அவன் அந்த சுவிட்சைத் தொடவே இல்லை.