மடைக்கல்லில் கட்டிய பாய்ப்படகு

என் அத்தானுக்கு, கோபத்தோடும் குறையாத அன்போடும்,

என் படகு காற்றில் உடையவில்லை. நீங்கள் மடையைத் திறந்ததில் உடைந்தது. முந்தாநாள் அக்கா சொல்லித்தான் எனக்கே தெரியும்.

உங்கள் வருஷத் திவசத்துக்கு நினைவு நோட்டீஸ் அடிக்கிறார்கள். "மாமா, அப்பாவைப் பத்தி நாலு வரி எழுதித் தாங்க" என்று உங்கள் மூத்தவன் வந்து நின்றான். பண்பாளர், பாசமிகு தந்தை என்றெல்லாம் எழுத எனக்கும் வரும். ஆனால் நான் மண்டிக்காரன். மூட்டையின் வாயில் இருக்கும் சரக்குதான் அடியிலும் இருக்கிறதா என்று குத்திப் பார்த்தே பழகியவன். அதனால் நாலு வரி நீண்டுவிட்டது. அச்சில் ஏற்றுவதோ கிழித்துப் போடுவதோ அவன் பாடு.

நான் படகு வாங்கிய கதை உங்களுக்கு மறந்திருக்காது. குற்றாலத்தில் பங்களா எடுத்திருந்த துரை, சண்டை வரும்போல இருக்கிறதென்று சீமைக்கு மூட்டை கட்டினார். நாற்காலி, மேசை, பீங்கான் எல்லாம் ஏலத்தில் போய்விட்டது. அவர் எந்த ஊர் ஏரியிலோ ஓட்டி அலுத்த அந்தப் பழைய பாய்ப்படகைச் சீந்த மட்டும் ஆளில்லை. கடலில்லாத ஊரில் இது எதுக்கு என்று சிரித்தார்கள். நான் வேறு மாதிரி யோசித்தேன். சாரல் விழுந்தால் பெரிய மனிதர்கள் குடும்பத்தோடு வந்து இறங்குகிறார்கள். அருவியில் குளித்தால் பசிக்கும், சாப்பிட்டால் தூக்கம் வரும், அதற்கு மேல் அவர்களுக்கு என்ன வேலை? மேலகரத்துக் குளத்தில் பாய் விரித்து ஒரு படகு நின்றால் ஏற மாட்டார்களா? "ஏறுவாக மாப்ளே, ஏறுவாக" என்று முதலில் சொன்ன ஆள் நீங்கள்.

இரண்டு வண்டியைச் சேர்த்துக் கட்டி, வைக்கோல் பரப்பி, படகைக் குளத்தங்கரையில் கொண்டுவந்து இறக்கினோம். கம்பம் தனி, பாய் தனி, கயிற்றுச் சுருள் தனி, நங்கூரம் தனி. எதை எதில் மாட்டுவது? தூத்துக்குடியில் என் மிளகாய் வத்தல் மூட்டைகளைக் கொழும்புக்கு ஏற்றும் தோணிக்காரர் மிக்கேல் அண்ணாச்சியை ரயிலில் வரவழைத்தேன். அவர் படகை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார்.

"என்னவே இது? எங்க தோணி போட்ட குட்டியா?"

"குட்டிதான் அண்ணாச்சி. நாலு புல்லு போட்டு நாங்க வளத்துக்கிடுதோம்" என்றீர்கள்.

கம்பத்து உச்சியில் இருந்த கப்பி துருவேறிச் சுற்றாமல் நின்றது. விளக்கெண்ணெய் விட்டு அதை நீங்கள்தான் சுற்ற வைத்தீர்கள். பாயில் இரண்டு கிழிசல். அக்கா கோணி ஊசியால் தைத்துத் தந்தாள். மிக்கேல் அண்ணாச்சி கம்பத்தைப் பலகைத் துளையில் இறக்கி, அடியில் ஆப்பு வைத்து இறுக்கினார். முன்னால் ஒரு கயிறு, பக்கத்துக்கு ஒரு கயிறு என்று இழுத்துக் கட்டி, விரலால் ஒவ்வொன்றாகச் சுண்டிப் பார்த்தார். தொய்ந்ததை அவிழ்த்து மறுபடி முறுக்கினார். பாய் மேலே ஏறியதும் குப்பென்று காற்று வாங்கியது. பாயின் அடிக்கம்பு சுழன்று வந்து உங்கள் தலைப்பாகையைத் தட்டிக் குளத்தில் போட்டது.

"வந்த அன்னைக்கே குடியானவன் தலையில கைய வைக்குது. தொரை வீட்டுப் படகுதான், சந்தேகமே இல்ல" என்றீர்கள். கரையில் நின்ற, அந்தக் குளத்துத் தண்ணீரில் பயிர் வைக்கும் ஆயக்கட்டு மொத்தமும் சிரித்தது. அந்தச் சிரிப்பை இப்போது நினைத்தால் வேறு மாதிரிக் கேட்கிறது, அத்தான்.

கிளம்பும்போது மிக்கேல் அண்ணாச்சி ஒன்று சொன்னார். "மாட்டைக் கட்டுத மாதிரிக் கட்டிராதீக. நடுவுல நங்கூரத்தப் போட்டு, கயித்தத் தாராளமா விடுங்க. அது காத்தப் பாத்துத் தானா மூஞ்சியத் திருப்பிக்கிடும்."

"மேய விட்ட மாடாவே அது? விடியுததுக்குள்ள அடுத்தவன் வயக்கரையில போயி நிக்கும், பெறகு எனக்குல்லா பஞ்சாயத்து" என்றீர்கள். எனக்கும் அதுதான் சரியென்று பட்டது. நம் ஊரில் எந்தச் சொத்தைக் கயிறு நீள விட்டுக் கட்டினோம்? அவர் ரயில் ஏறிய பிறகு நீங்களே இறங்கி, மடைக்கல் இரண்டுக்கும் நடுவில் படகை நிறுத்தி, முன்னும் பின்னும் குட்டையாக இழுத்துக் கட்டினீர்கள். அசையவில்லை. பார்க்கத் திருப்தியாக இருந்தது.

அன்று நான் கேட்டேன். குளத்து மடை உங்கள் பொறுப்பில் இருந்ததால் கேட்டேன். "அத்தான், சீசன் முடியுத வரைக்கும் தண்ணி குறையாமப் பாத்துக்கிடணும்." தயக்கமே இல்லாமல் சொன்னீர்கள், "சரி மாப்ளே."

அந்தச் சரியை நம்பித்தான் நான் புளியங்குடிக்கு எலுமிச்சை பிடிக்கப் போனேன். திரும்பி வந்தபோது குளம் நிறைந்து தளும்பியது. படகு ஒருபுறமாகச் சாய்ந்து மூழ்கிக் கிடந்தது. அடிப்பலகை பிளந்து, கம்பம் மடைக்கல்லில் மோதி இரண்டாக முறிந்திருந்தது. "காத்துதான் மாப்ளே. கணவாய்க் காத்து என்னா ஊளை போட்டுதுங்குதீரு! இங்கன பாய் நிக்காது, விட்டுத் தள்ளும்" என்று என் தோளைத் தட்டினீர்கள். உங்கள் கண்கூடக் கலங்கியிருந்தது. நான் நம்பினேன். படகை மண்டிக்குப் பின்னால் கவிழ்த்துப் போட்டேன். கோழிகள் அதற்கடியில் முட்டையிட்டன.

முந்தாநாள் செங்கோட்டை மரக்கடைக்காரர் ஒருவர் அதைப் பலகைக்குக் கேட்டார். கொடுத்துவிடலாம் என்று அக்காவிடம் ஒரு வார்த்தை சொல்லப் போனேன். அவள் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள்.

"ஏன்லே அதைப் போயி விக்கே?"

"காத்து ஊர்ல பாய்ப்படகை வச்சுக்கிட்டு என்ன பண்ண?"

முறத்தைக் கீழே வைத்துவிட்டாள். "காத்தா? ஒங்க அத்தான் சொன்னதை இன்னுமாலே நம்பிக்கிட்டுத் திரியுத?"

பிறகு கொட்டிவிட்டாள். "தண்ணியில்லாம கார் நாத்து சுருண்டு போச்சு. ஆயக்கட்டுக்காரங்க அம்புட்டுப் பேரும் வாசல்ல வந்து நின்னாங்க. அவுக மடைப்பலகை ரெண்டையும் தூக்கச் சொல்லிட்டாக. தண்ணி எறங்க எறங்கப் படகு கயித்துல தொங்குச்சு. பெறகு சரிஞ்சு மடைப்படியில உக்காந்துச்சு. மடார்னு ஒரு சத்தம். நீ வருததுக்குள்ள வாய்க்கால்ல வெள்ளம் வந்து குளம் ரொம்பிட்டு."

"கயித்தையாவது அவுத்து விட்டுருக்கலாம்லாக்கா?"

"அது அவுக புத்திக்கே எட்டலலே. மாட்டுக்கு என்னைக்குத் தரை கீழ எறங்கியிருக்கு?"

"என்கிட்ட ஏன் சொல்லல?"

"பொண்ணு எடுத்த வீட்டு ஆளு வந்து கேக்குத, முடியாதுன்னு எப்படிச் சொல்லுவாக? சரின்னு சொல்லிட்டாக. பெறகு சொன்ன சரியையும் காப்பாத்த முடியல. வெக்கம்."

"நீ சொல்லியிருக்கலாமே."

"நான் ஒனக்கு அக்காவா இருந்து சொல்லவா, அவுகளுக்குப் பொண்டாட்டியா இருந்து மறைக்கவா? மறைச்சேன். போ."

அத்தான், கயிற்றைப் பற்றி எனக்குக் கோபமில்லை. நான் கட்டியிருந்தாலும் அப்படித்தான் கட்டியிருப்பேன். மடையைத் திறந்ததிலும் கோபமில்லை. அந்த நாற்று விளைந்து வந்த நெல்லைத்தானே நானும் தின்றேன்? என் நெஞ்சில் தைப்பது அந்தச் சரி. அதற்கு மேலே போர்த்திய காற்று. மண்டியில் என் முகத்துக்கு நேரே முடியாது என்று சொல்லிவிட்டுப் போகிறவர்கள் எத்தனையோ பேர். மறுநாள் அவர்களோடு சேர்ந்து காப்பி குடிக்கிறேன். உங்களிடமிருந்து ஒரு முடியாது எனக்குத் தாங்காதென்று யார் சொன்னது?

ஊர் முழுக்கத் தெரிந்திருக்கிறது. அதே ஆயக்கட்டு ஆட்கள் என் கடைக்கு வந்து, வத்தலைக் கிள்ளிப் பார்த்துக்கொண்டே, "படகு எப்ப ஓடும் அண்ணாச்சி?" என்று விசாரித்தார்கள். நானும் காற்றைத் திட்டிப் பதில் சொல்லிக்கொண்டிருந்தேன். திரும்பிப் போகும்போது சிரித்திருப்பார்களா, பாவமென்று நினைத்திருப்பார்களா?

கடைசிக் காய்ச்சலில் நீங்கள் கிடந்தபோது என் கையைப் பிடித்துக்கொண்டு "படகு..." என்று ஆரம்பித்தீர்கள். "அது கெடக்கு அத்தான், கஞ்சியக் குடிங்க" என்றேன். அன்று சொல்லத்தான் வந்தீர்களா? நான்தான் வாயை அடைத்துவிட்டேனா? இதை நான் யாரிடம் போய்க் கேட்பேன்?

இங்கே மண்ணெண்ணெய் விலை ஏறிக்கொண்டே போகிறது. உங்கள் சின்னவளுக்குப் பாவூர்சத்திரத்தில் ஒரு வரன் பார்த்திருக்கிறோம், பையன் முகம் பார்த்துப் பேசுகிறான். மடைக்கு மூத்தவன் பேருக்கு நின்றாலும் அக்கா சொல்லாமல் யாரும் பலகையைத் தொடுவதில்லை. படகை நான் விற்கவில்லை. மிக்கேல் அண்ணாச்சிக்கு ஆள் அனுப்பிவிட்டேன், புதுக் கம்பத்தோடு வருகிறார்.

நேற்று மறுபடி அக்கா வீட்டுக்குப் போனேன். மண்டியில் துண்டுக்குள் கையை விட்டு விரல் பிடித்து விலை பேசுவோமே, அப்படி இல்லாமல் இரண்டு பேரும் வாய்விட்டுச் சத்தம் போட்டே பேசி முடித்தோம். அதையே உங்களுக்கு வாக்காகத் தருகிறேன். குளத்துத் தண்ணீர் ஆயக்கட்டுடையது. மடையை எப்போது திறப்பது என்பதில் நான் வாய் வைக்க மாட்டேன். திறப்பதற்கு முன்னால் மண்டிக்கு ஆள் வந்து சொல்ல வேண்டும். படகு நடுக்குளத்தில் நங்கூரத்தில் நிற்கும், மடைப்பக்கம் வராது. வாடகையில் ஒரு பங்கு குளத்து மராமத்துக்கு, ஒரு பங்கு அக்காவுக்கு, ஒரு பங்கு எனக்கு. யாருக்கு எது முடியாதோ அதை முகத்துக்கு நேரே முடியாது என்று சொல்லிவிட வேண்டும். சொன்னதற்காக யாரும் யார் வீட்டிலும் கை நனைக்காமல் போகக்கூடாது.

பெண் கொடுத்த வீட்டிலிருந்து,
உங்கள் மச்சினன்
சுடலைமுத்து